74 நாள் கணக்கு

ரங்கத் கிளைக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் டீ குடிக்கும்போது கூட வேலை பார்க்கும் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் விசேஷம் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா கவுண்ட் ஏறுமாமே?"

தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு!

பி.காம். படித்தவன் பாஷையிலேயே சொல்கிறேன், மக்களே. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் ஹெட் ஆபீஸ். அங்கிருந்து இரண்டு சர்க்குலர் வரும். எல்.எச். விரையிலுள்ள லேடிக் செல்களுக்கு: 'டெஸ்டோஸ்டிரோன் தயாரி.' எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்களுக்கு: 'வளரும் விந்தணுக்களைக் கவனி.' இந்த ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலிலுள்ள ஏற்பியைத் தொட்டதும், உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகும். உத்தரவு கைமாறி மரபணு வரை போகும். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் சைகை கொடுத்தால்தான் குரோமோசோமைப் பாதியாக்கும் செல் பிரிவு தொடங்கும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள்.

வெளியிலிருந்து ஊசி போட்டால்? ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்த ஹெட் ஆபீஸ், 'கிளையில் இருப்பு நிறைய' என்று சர்க்குலரை நிறுத்திவிடும். ரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு விரைக்குள் வேண்டும், அது வற்றிவிடும். உற்பத்தி படுத்துவிடும்.

தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் போட்டுக்கொண்டேன். அதுவரை ஸ்கேன், விரதம், ஊர்ப்பேச்சு எல்லாம் என் மனைவிக்கு மட்டும். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கடைசியில் என் ரிப்போர்ட்டில் பூஜ்யம். டாக்டர் ஊசியை நிறுத்தினார். பத்து மாதத்தில் எண்ணிக்கை திரும்பியது. மகள் இப்போது நாலாவது படிக்கிறாள்.

எல்லோருக்கும் இப்படித் திரும்பிவிடாது. இந்தத் தீவுகளின் ஓங்கே, பெரிய அந்தமானியர் மரபணுக்களைப் பற்றி 2005-ல் எழுதிய ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ், 2003-ல் விந்தணுவே இல்லாத இந்திய ஆண்களைப் பற்றியும் எழுதினார். அவர்களில் சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஒரு துண்டே இல்லை. அங்கே எந்த சர்க்குலரும் பலிக்காது. அதனால் முதலில் பரிசோதனை.

"ஊசி வேண்டாம் தம்பி. போர்ட் பிளேர் போய் டாக்டரைப் பாரு. வீட்டுக்காரம்மாவை மட்டும் அனுப்பாதே, நீயும் போ" என்றேன். (2024-லிருந்து அது ஸ்ரீ விஜயபுரம்; வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.)

ராத்திரி மனைவிக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்தப் பையனாவது கேட்டானே" என்றாள்.