வேங்கடத்தின் அடிவாரத்தில் ஒரு வழக்குரை

அரசுகள் தம் குடிகளை ஒடுக்குவது பற்றிய வாதம் நம்மிடையே பெரும்பாலும் திசையை வைத்தே நடைபெறுகிறது. ஒருவர் கிழக்கே கை நீட்டினால் மற்றவர் மேற்கே கை நீட்டுவார். முதலில் சித்தூரிலும் பின்னர் திருப்பதியிலும் நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தனாகக் காலங்கழித்துவரும் எனக்கு, இவ்வாதம் பிற்பகல் தேநீரோடு சேர்ந்தே பழக்கமாயிற்று.

எங்கள் அலுவலகத்தில் தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர் இருந்தார்; பொதுவுடைமைக் கொள்கையில் ஊறியவர். மற்றொருவர் அமெரிக்காவில் மகளை மணமுடித்துக் கொடுத்தவர். மேலைநாட்டுச் சட்டமே சட்டம் என்பவர். “1962-இல் சோவியத்து நாட்டு நோவோசெர்காஸ்க் நகரில், இறைச்சியும் வெண்ணெயும் விலையேறின என்று முறையிட்ட தொழிலாளரைச் சுட்டது யார்?” என்பார் இவர். “1972-இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் சென்றவர்களைச் சுட்டது யார்?” என்பார் அவர்.

இருவர் கூறுவதும் உண்மையே. நோவோசெர்காஸ்கில் 26 பேர் மாண்டனர். உடல்கள் மறைவாக வெளியூர்களில் புதைக்கப்பட்டன. மேலும் எழுவர் மரண தண்டனை பெற்றனர். ஏறக்குறைய முப்பதாண்டுகள் அந்நாட்டு இதழ்களில் அதுபற்றி ஒரு வரி வரவில்லை. டெரியில் அன்றே 13 பேர் மாண்டனர். அவ்வாண்டே வந்த விசாரணை அறிக்கை படைவீரரைப் பெரும்பாலும் குற்றத்தினின்று விடுவித்தது. மாண்டவர் எவரும் யாருடைய உயிருக்கும் அச்சுறுத்தலாக இருந்ததில்லை என்று இரண்டாம் அறிக்கை கூறியதும், பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியதும் 2010-இல். இடையே 38 ஆண்டுகள். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறுப்பதற்கில்லை: டெரியின் தாய்மார் அத்தனை ஆண்டுகளும் வீதியில் நின்று நீதி கேட்க முடிந்தது; நோவோசெர்காஸ்கின் தாய்மாருக்கு அதற்கும் வழியில்லை.

எழுத்தன் என்ற முறையில் என் கண் வேறொன்றிலும் செல்கிறது. சுடுவது சில நிமிட வேலை. ‘சுட நேர்ந்தது’ என்று எழுதுவதே நீண்ட வேலை. கோப்பின் மொழியில் எழுவாய் இராது. ‘துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது’ என்றிருக்குமேயன்றி, யார் செய்தார் என்றிராது. எல்லா அரசுகளும் இவ்விலக்கணத்தை நன்கறியும்.

இதனைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகக் கூறும் வேங்கடத்தை ஒட்டிய சேஷாசலக் காட்டில், 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த கூலியாட்கள் அவர்கள். பலர் மலைவாழ் மக்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்பிற்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. தம்முடன் வந்தோர் முந்தின நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டனர் என்று உயிர்தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்தில் கூறினர். அம்மரத்தின் பெருஞ்சந்தை சீனா. பொதுவுடைமைக் கட்சி ஆளும் நாட்டுச் செல்வர் வீட்டு நாற்காலிக்காக, மக்களாட்சி நாட்டின் ஏழை மரம் வெட்டப் போனான்!

அந்த வாரம் தேநீர் வேளையில் நண்பர் இருவரும் முதன்முறையாக ஒத்த கருத்தினராயினர். “திருடப் போனவர்கள்தாமே?” என்றார் ஒருவர், மற்றவர் தலையசைத்தார். நம் தமிழ்க் குடும்பங்களிலும் அச்சொல் கேட்டது. ‘இவர்களால் நமக்கும் கெட்ட பெயர்’ என்றோர் உண்டு. பேருந்தில் தமிழ் பேசத் தயங்கியோரும் உண்டு.

‘கள்வன்’ என்ற ஒரு சொல்லால் உயிர் போன கதை நமக்குப் புதிதன்று. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டி, கணவன் கள்வனல்லன் என நிறுவினாள். கோவலன் மெய்யாகவே திருடியிருந்தால்? உடைத்துக்காட்டச் சிலம்பில்லாத ஜவ்வாது மலைப் பெண் எந்த அவைக்குச் செல்வாள்? நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது: சட்டம் வகுத்த முறையிலன்றி எவருடைய உயிரையும் பறித்தலாகாது. கள்வனுக்கும் அது பொருந்தும். செம்மரம் வெட்டினால் சிறை உண்டு. சாவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறை ஊழியர் இருவர் கொல்லப்பட்டதை மறத்தலாகாது. அவர்கள் வீட்டிலும் பெண்டு பிள்ளைகள் அழுதனர். அவர்களுக்குரிய நீதியும் நீதிமன்றத்தில் கிடைக்க வேண்டியதே. காவல்துறை மோதலில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிதல், தனித்த புலனாய்வு, நடுவர் விசாரணை எனப் பின்பற்ற வேண்டிய 16 நெறிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது 2014 செப்டம்பரில். சேஷாசலம் நிகழ்ந்தது அதற்கடுத்த ஏழாம் திங்களில்.

வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். செங்கோன்மையின் முதற்குறளே ஆராய்ந்து முறை செய்வதைத்தான் பேசுகிறது. எந்த நாட்டு அரசு நல்லது என்று நம் பிள்ளைகள் கேட்டால், கொடியின் நிறத்தைக் காட்டி விடை கூற வேண்டா. அங்கே ஒருவன் சுடப்பட்டால் யார் சுட்டார் என்று கேட்க முடியுமா, கேட்டால் யார் விசாரிப்பார் என்று பார்க்கச் சொல்வோம். மாண்டவன் நம் மொழி பேசினாலும் பேசாவிட்டாலும், நல்லவனென்று பெயரெடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அதனைக் கேட்கச் சொல்வோம்.