கிட்டங்கி தாண்டிச் சவளக்கடைக்கு

கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்குப் போயிருக்கிறீர்களா? மாரி மழையில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்ற ஆண்டுகள் பல. வெள்ளம் வடிந்த பின்பும் வட்டைப் பாதை முழுக்கச் சேறுதான்.

அந்தப் பாதைக்காகவே என் கணவர் பழைய ட்ரெயில் பைக் ஒன்று வாங்கினார். தார் வீதியிலும் காட்டுப் பாதையிலும் ஓடக்கூடியது. 1968இல் வந்த யமஹா டிடி-1 பிரபலமாக்கிய இனம். உயர்ந்த மட்காட், ஆழ வெட்டுள்ள டயர். சேற்றில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும்; தார் வீதிக்கு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும்.

விளக்கு, கண்ணாடி, சாமான் கட்டும் கம்பி என்று பார்த்துப் பார்த்துப் பூட்டியவருக்கு, பின்னால் ஏறப்போகிறவளின் நினைவு வரவில்லை! செயின் இருப்பது இடப்பக்கம். ஒருபக்கமாக அமரும் நாம் கால் தொங்கவிடுவதும் அதே பக்கம். முதல் பயணத்திலேயே அபாயாவின் விளிம்பு செயினில் மாட்டியது.

“மச்சான், நிப்பாட்டுங்க!”

அல்ஹம்துலில்லாஹ், சேற்றில் மெதுவாகப் போனதால் துணி கிழிந்ததோடு போயிற்று. மறுநாளே வெல்டிங் கடையில் கம்பி வலையும் அகலமான கால்மிதியும் செய்து பூட்டினோம். என்றாலும், சவளக்கடையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்கும்வரை விளிம்பை நான் கையில்தான் பிடித்திருப்பேன்.