ஊர் மெச்சிய பிள்ளை

சென்ற வாணி விழாவன்று எமது பேர்த்தி முதன்முறையாக மேடையேறினாள். வயது ஏழு. சலங்கை கட்டி, நெற்றிச்சுட்டி அணிந்து, ஐந்து நிமிடம் ஆடி முடித்தபோது மண்டபம் கையொலியால் நிறைந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மனமுவந்து ஆயிரம் ரூபாத் தாளொன்றை அவள் கையில் வைத்தார். அன்று அந்த மண்டபத்தில் எம்மைப்போல் பெருமிதம் அடைந்தவர் வேறெவரும் இரார். வீடு திரும்பும் வழியில், பிள்ளையைத் தொலைக்காட்சிப் போட்டியொன்றுக்கு அனுப்பவேண்டும் என்று மகனும் மருமகளும் பேசத் தொடங்கினர். அதற்கு முதலில் தலையசைத்தவரும் நாமே.

அந்த உற்சாகத்தில், பிள்ளைக்கு நல்லதொரு முன்மாதிரியைக் காட்டலாம் என எண்ணி, 1934ஆம் ஆண்டில் வெளியான ‘பிரைட் ஐஸ்’ என்னும் பழைய ஆங்கிலப் படத்தைக் கணினியிற் போட்டுக் காட்டினோம். சுருட்டை மயிரும் குழி விழுந்த கன்னமுமாக ஷேர்லி டெம்பிள் ஆடிப் பாடுவதைப் பேர்த்தி கண்கொட்டாமல் பார்த்தாள். படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள். “அப்பப்பா, இந்தப் பிள்ளை எந்த நேரம் விளையாடும்?”

எமக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் பொருட்டு அந்த அம்மையாரின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தோம். படித்ததை நேயர்களோடு பகிர்ந்துகொள்வது நன்றெனத் தோன்றுகின்றது.

ஷேர்லி 1928ஆம் ஆண்டு சித்திரை மாதம் 23ஆந் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற் பிறந்தவர். தந்தை வங்கி உத்தியோகத்தர். மகள் ஆடற்கலையில் தேறவேண்டும் என்பது தாயின் ஆசை. ஆகவே மூன்று வயதிலேயே நடனப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அங்கே வந்து பார்த்த படக் கம்பனியார் அவரைத் தெரிந்தெடுத்துச் சிறுவர் நடிக்கும் குறும்படங்களில் நடிக்கவைத்தனர். அந்த இடத்தில் சொற்கேளாத பிள்ளைகளுக்கு ஒரு தண்டனை இருந்ததாம். சன்னலில்லாத இருட்டறை, உள்ளே ஒரு பெரிய பனிக்கட்டி, குற்றஞ் செய்த பிள்ளை தனியே அங்கு இருக்கவேண்டும். இதனைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கின்றார். திரையில் நாம் கண்ட புன்னகைக்குப் பின்னால் இப்படியும் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கின்றது.

1934ஆம் ஆண்டு அவர் புகழ் வானளாவ உயர்ந்தது. அக்காலம் அமெரிக்காவில் பொருளாதாரம் நிலைகுலைந்து, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து வாடிய காலம். துயருற்றிருந்த மக்களுக்கு அந்தக் குழந்தையின் முகம் ஆறுதல் அளித்தது. 1935இல் சிறுவருக்கான சிறப்பு ஒஸ்கார் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 6. 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, அமெரிக்கப் படமாளிகைகளில் ஆகக்கூடிய வசூலைத் தந்த நட்சத்திரம் அவரே. அவரைப் போன்ற பொம்மைகள் கடைகளிற் குவிந்தன. தமிழ்த் திரையுலகையும் அப்புகழ் எட்டியது, 1937இல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘பாலயோகினி’ படத்தில் நடித்த பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷேர்லி டெம்பிள்’ என்றே மக்கள் கொண்டாடினர்.

பேர்த்தியின் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஸ்டூடியோவுக்குள்ளேயே அவருக்கெனச் சிறிய வீடொன்று கட்டிக்கொடுத்திருந்தார்கள். தோட்டம், மரத்தில் ஊஞ்சல், முயற்கூடு யாவும் அங்கே இருந்தன. படிப்பும் அங்கேதான். ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு பள்ளி சென்று படிக்கும் வாய்ப்பு அவருக்கு 12 வயதளவிலேதான் கிட்டியது. ஊஞ்சலுக்குக் குறைவில்லை, ஆனால் அந்த ஊஞ்சலும் தொழிற்சாலை மதிலுக்கு உள்ளேயே ஆடியது.

தாயார் நாள்தோறும் மகளின் தலைமயிரைச் சுருட்டிவிடுவார். சுருள்கள் எண்ணிக்கையில் 56 ஆக இருக்கவேண்டும் என்பது கணக்கு. இவ்வளவு கணக்காக நடந்த வாழ்வில் ஒரு கணக்கு மாத்திரம் பிழைத்தது. குழந்தை நெடுநாள் குழந்தையாகவே இருத்தல் நலமென்று எண்ணி, அவர் வயதில் ஓராண்டைக் குறைத்து உலகுக்குச் சொல்லிவிட்டார்கள். உலகோடு சேர்த்து அவரையும் நம்பவைத்தார்கள். பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று அவர் கொண்டாடிய அன்றுதான், தமக்கு உண்மையில் வயது பதின்மூன்று என்பதைத் தாயார் வாயால் அறிந்தார். ஒரு பிள்ளையிடமிருந்து பொன்னையோ பொருளையோ எடுத்தல் வேறு. வாழ்நாளில் ஓராண்டையே எடுத்து மறைத்தல் வேறு அன்றோ?

பொருளும் எடுபட்டது. 1940இல் வெளிவந்த ‘தி புளூ பேர்ட்’ படம் தோல்வியுற்றதன் பின் பழைய கம்பனியுடனான தொடர்பு அறுந்தது. வளர்ந்த பெண்ணாகச் சில படங்களில் நடித்தாராயினும், மக்கள் தேடியது அந்தப் பழைய சுருட்டைத் தலையையே. தம் அபிமானத்துக்குரிய குழந்தை வளர்ந்துவிடுவதை ஊரார் எளிதில் மன்னிப்பதில்லை. 1950இல், 22 வயதில், அவர் படத்துறையை விட்டு விலகினார். அவ்வயதளவில் தம் கணக்கைப் பார்த்தபோது, அதுவரை ஈட்டிய ஏறக்குறைய 32 இலட்சம் டொலரில் மிஞ்சியிருந்தது 44,000 டொலர் மாத்திரமே. வங்கி வேலையை விட்டு மகளின் பணத்தை நிருவகித்து வந்தவர் தந்தையே. குடும்பச் செலவு, வேலையாட்கள், பயன்தராத முதலீடுகள் என்று யாவும் கரைந்துபோயின.

இத்தகைய அநீதி புதியதன்று. சார்லி சப்ளினுடன் 1921இல் ‘தி கிட்’ படத்தில் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், தான் உழைத்த பணம் போனவிடம் தெரியாமல், 1938இல் தன் தாய்மீதும் மாற்றுத் தந்தைமீதும் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அதன் பயனாகவே 1939இல் கலிபோர்னியாவில், சிறுவர் நடித்து ஈட்டும் பணத்தில் ஒரு பங்கை அவர்கள் பெயரிற் சேமித்துவைக்க வழிசெய்யும் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தும் ஷேர்லியின் பணம் காக்கப்படவில்லை. வீட்டுக்குள் இருப்பவரிடமிருந்து பிள்ளையைக் காத்தல் சட்டத்துக்கும் அரிய காரியமே.

ஆயினும் அந்த அம்மையார் தந்தையை நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. பெற்றோர் இருவரும் கண்மூடிய பின்னரே, 1988இல் வெளியிட்ட தம் சுயசரிதத்தில் இக்கணக்கை விரிவாக எழுதினார். எழுதிய விதத்திலும் கசப்பு மிகுதியில்லை. வேலை தமக்குப் பிடித்திருந்தது என்றும், தாயின் அன்பில் தமக்கு ஐயமில்லை என்றுமே சொல்கின்றார்.

இரண்டாவதாக அவர் அமைத்துக்கொண்ட வாழ்வே எம்மை வியக்கவைத்தது. 1950இன் இறுதியில் மறுமணம் செய்து, பிள்ளைகளை வளர்த்தார். 1967இல் அமெரிக்கக் காங்கிரசுத் தேர்தலில் நின்று தோற்றார். தளரவில்லை. 1969இல் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார். 1972இல் மார்பிற் புற்றுநோய் கண்டு சத்திர சிகிச்சை பெற்றபோது, பெண்கள் அந்நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய அக்காலத்தில், அதனைப் பகிரங்கமாகக் கூறி மற்றப் பெண்களுக்குத் துணிவூட்டினார். 1974 முதல் 1976 வரை கானா நாட்டிலும், 1989 முதல் 1992 வரை செக்கோசிலாவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராகப் பணிபுரிந்தார். 1968இல் சோவியத் தாங்கிகள் பிராக் நகருட் புகுந்தபோது அந்நகரில் இருந்தவர் அவர். 1989இல் அதே நகரில் மக்கள் எழுந்து ஆட்சியை மாற்றியபோது தூதராக இருந்து கண்டவரும் அவரே. 2014ஆம் ஆண்டு மாசி மாதம் 10ஆந் திகதி, 85ஆவது வயதில் காலமானார்.

புத்தகத்தை மூடிவைத்தபோது எம் மனம் வாணி விழா மண்டபத்துக்குத் திரும்பியது. அந்த ஆயிரம் ரூபா எங்கே? மருமகளிடம் கேட்டோம். “நாட்டிய உடுப்பின் வாடகைக்கும் ஒப்பனைக்கும் சரியாகப் போய்விட்டது மாமா” என்றார். அதில் தவறேதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கிழமைக்கு முன்னராயின் எமக்கும் தோன்றியிராது. முப்பத்திரண்டு இலட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் தொகையில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. ஆனால் பிள்ளையைக் கேளாமல் எடுத்தோம் என்பதில் வேறுபாடில்லை. மறுநாள் வங்கிக்குச் சென்று பேர்த்தியின் பெயரிற் சேமிப்புப் புத்தகமொன்று எடுத்து, எமது ஓய்வூதியத்தில் ஆயிரம் ரூபாவை அதில் இட்டோம். அவளை அழைத்து, “இது நீ ஆடிச் சம்பாதித்தது” என்று கையிற் கொடுத்தோம். அவள் அதைத் தன் பாடசாலைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

போட்டியைப் பற்றியும் அதுவரை எவரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டபோது, “பழக்கம் எந்தக் கிழமை?” என்றாள். சனியும் ஞாயிறும் என்றோம். சற்று யோசித்து, “சனிக்கிழமை என்றால் எனக்கு நேரமில்லை. பக்கத்து வளவுப் பிள்ளைகளோடு மாமரத்தடியில் விளையாட வேண்டும்” என்றாள்.

உண்மையைச் சொன்னால் எமக்கு உள்ளூரச் சிறிது ஏமாற்றமே. தொலைக்காட்சியில் அவள் முகத்தைக் காணும் ஆசை இன்னும் முற்றாக விட்டுப்போகவில்லை. ஆயினும் பிள்ளையின் காலத்துக்கும் உழைப்புக்கும் பெரியோராகிய நாம் காவலர்களேயன்றி உடைமைக்காரர் அல்லர் என்பதை அந்த அம்மையாரின் வரலாறு எமக்கு உணர்த்திற்று. நடன வகுப்பு வழமைபோல் புதன்கிழமைகளில் நடக்கின்றது. சனிக்கிழமைகளில் மாமரத்தடியிலிருந்து கூச்சல் கேட்கின்றது. அங்கே கைதட்டுவார் எவருமில்லை, தேவையுமில்லை.