நான்கு நாடுகள், ஒரே நம்பர்

பாரிஸில் சித்தி, ஸ்டுட்கார்ட்டில் மாமா, சுவிஸில் அண்ணா. மிச்சத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் உறவும் சிதறித்தான் கிடக்கிறது. இப்படிச் சிதறியவர்கள் மலிவாகப் பேசட்டும் என்று 2001இல் லெபாராவைத் தொடங்கியவர்களும் மூன்று தமிழர்களே.

போன கோடையில் மூன்று வீடுகளுக்கும் காரில் போனோம். இன்சுலின் போடும் அம்மா மிச்சத்திலேயே நின்றார். ஆகவே எங்கள் ப்ரீபெய்ட் சிம்மை எங்கும் மாற்றுவதில்லை என்று தீர்மானித்தோம்.

2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சிம்களுக்கு ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணம் இல்லை. பிரெக்ஸிட்டால் 2021 முதல் அந்தச் சட்டம் பிரித்தானிய நிறுவனங்களைக் கட்டாது. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கட்டணம் வைக்கலாம். சுவிஸ் ஒன்றியத்திலேயே இல்லை. எங்கள் திட்டத்தின் நாட்டுப் பட்டியலில் பிரான்சும் ஜெர்மனியும் இருந்தன, சுவிஸ் இல்லை. எல்லைக்குக் கிட்டப் போனால் போன் தானாகவே பக்கத்து நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். அதனால் பாசலுக்கு முன்பே டேட்டா ரோமிங்கை நிறுத்தினோம். அண்ணா வீட்டு நம்பரை அம்மாவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம்.

ஸ்டுட்கார்ட்டில் இரண்டாம் இரவு அம்மா எடுத்தார். சீனி 3.4. ஜூஸ் குடிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் லைனிலேயே இருந்தோம். திரும்பப் பார்த்தபோது 5.1. தாதி வேலையில் அந்தப் பதினைந்து நிமிடத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

தம்பி தங்கைமாரே, விடுமுறைக்குப் புறப்படுமுன் உங்கள் திட்டத்தின் நாட்டுப் பட்டியலை வாசியுங்கள். கிரெடிட் தீர்ந்தாலும் 112ஐ இந்த நான்கு நாடுகளிலும் இலவசமாக அழைக்கலாம். வீட்டில் நிற்கும் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.