கட்டை துள்ளும் வரை

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராத்தியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அந்த வாரம் நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அரசர்களைப் பற்றியே பேசின. 1677-ல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றியது, ராஜாராம் உள்ளே இருக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது, 1714-ல் தேசிங்கு ராஜன் போரில் மாண்டது என்று எல்லாம் வந்தன. சுவர் பூசியவர்களைப் பற்றியும் தளம் போட்டவர்களைப் பற்றியும் ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை.

திண்டிவனத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் நண்பரிடம் இதைச் சொல்லி ஆதங்கப்பட்டேன். "செஞ்சியிலயே ஒரு பழைய மெத்தை வீட்டுக்குச் சுண்ணாம்புத் தளம் போட்டுக்கிட்டிருக்கோம். தட்டுறதுக்கு ஆள் தேடறதே பெரும்பாடா போச்சு. இப்பவே வந்து பார்த்துடுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இன்னொரு தரம் இந்த வேலை நடக்குமான்னு எனக்குத் தெரியல" என்றார்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலைதான் செஞ்சிக்குள் நம்மைக் கொண்டு விடுகிறது. ஊர் நெருங்க நெருங்க இருபுறமும் புது வீடுகள். சிலவற்றின் முகப்பில் அலுமினியத் தகடு, சிலவற்றில் கருப்புக் கண்ணாடி, வேறு சிலவற்றில் இயந்திரம் வெட்டிய பூவேலைத் தகடு. உள்ளே என்னென்ன இருக்கும் என்று நண்பர் அடுக்கினார்: ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரமாக ஓடும் எல்.இ.டி. பட்டை, கூடத்திலிருந்து சமையலறை வரை ஒரே சாம்பல் நிற டைல்ஸ். "இதெல்லாம் எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டேன். "சீலிங்கில ஒரு தடவை தண்ணி இறங்கினா பலகை ஊறித் தொங்கிடும். முழுசாக் கழட்டி எறிய வேண்டியதுதான். உடைஞ்ச டைல்ஸுக்கு அதே நிறத்துல இன்னொண்ணு தேடினா, அந்த மாடல் நின்னுபோச்சும்பாங்க" என்றார்.

சிவப்பு ஆக்சைடு தரையும் மொசைக்கும் அப்படிப் போனவை அல்ல. இன்றைக்கும் பழைய வீடுகளில் அந்தத் தரைகள் கால் வழுக்கும் பளபளப்போடு கிடக்கின்றன. தரை தேயும் முன்பே அதைத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த மெத்தை வீட்டின் மாடிப்படி ஏறினேன்.

பொறியாளர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கல்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பு கிடையாது. ஒரு வரிசை பிடித்ததும் அடுத்த வரிசை அதன்மேல் சாய்ந்து நிற்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, கடைசியாகத் தட்டு ஓடு. சென்னை சேப்பாக்கத்தில் 2012-ல் தீப்பிடித்து நாசமான கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது சுண்ணாம்பு வேலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. கும்பினிக் காலத்துக் கட்டடங்களிலிருந்து செஞ்சி போன்ற ஊர்களின் வியாபாரி வீடுகள் வரை இந்த மெட்ராஸ் டெரஸ் கூரை ஒரு காலத்தில் பரவியிருந்தது.

இந்த வீட்டுத் தளத்தில் எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்து கொடுக்க, சிமெண்ட் அசைய மறுத்துப் பிளந்துவிட்டது. விரிசலுக்கு மேல் நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உத்திரத்தின் தலையை அரிக்கத் தொடங்கியதும்தான் உரிமையாளர் பழைய முறைக்குச் சம்மதித்திருக்கிறார்.

கிளிஞ்சல் சுட்டது, தாளித்தது, சலித்தது எல்லாம் முன்பே முடிந்திருந்தன. நான் போனபோது காரை கொட்டியாகிவிட்டது. நாலு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கட்டையால் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் புளித்த வாடையோடு இருந்தது. அதை மொண்டு தெளிப்பதும் தட்டுவதும் ஓர் ஒழுங்கில் நடந்தன. வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தது. அவர்களை நகர்த்தியவர் ஓரத்தில் இருந்த மூத்த பெண்மணி. வல்லம் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. கொத்தனார் அவரைப் "பெரிம்மா" என்று கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் கையிலிருந்த கட்டை புளிய மரம். முழ நீளம், அடிப்பக்கம் தட்டை, பிடி பக்கம் சற்று மெலிந்தது. பிடியில் நாலு விரலும் பதியும் இடம் குழிந்து கருத்திருந்தது. அவருடைய அம்மா வைத்திருந்த கட்டை அது. என்னிடம் கொடுத்துத் தட்டச் சொன்னார். மணிக்கட்டு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். தோள்தான் முதலில் கடுத்தது. "கையால அடிக்காத தம்பி. கட்டை தானா விழணும். தூக்கறதுதான் நம்ம வேல" என்றார்.

எதற்காகத் தட்டுகிறோம் என்று அவரிடம் கேட்டேன்.

"உள்ள காத்து இருக்குது பாரு, அது வெளிய போவணும். சுண்ணாம்புப் பால் மேல வரணும். மொத நாளு பொத்து பொத்துன்னு ஊமையா இருக்கும். மறுநாளு சத்தம் மாறும். அப்புறம் கணீர்னு கேக்கும். கேட்டதுக்கப்புறமும் வுடக் கூடாது. கட்டை கையைவிட்டுத் துள்ளணும். துள்ளிச்சுன்னா அங்க தண்ணிக்கு வேல கெடையாது."

பாடநூலும் இதையேதான் சொல்கிறது. 4 அங்குலக் கனத்தில் கொட்டிய காரையை 3 அங்குலம் ஆகும்வரை 3 நாட்கள் தட்ட வேண்டும். மரக்கட்டை தளத்தில் பட்டு எகிறினால் வேலை முடிந்தது. நமது பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்பில் கான்கிரீட் கூரைக்கு மேல் போடும் தளத்துக்குக்கூட, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு தாளித்த சுண்ணாம்பு என்றும், மணல் கூடாது என்றும், ஈரம் காயவிடாமல் மரக்கட்டையால் தட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சுருக்கி போடுவது என்று நம் ஊர்களில் சொல்வது இதைத்தான். விதி தாளில் இருக்கிறது. அதன்படி தட்டத் தெரிந்தவர் இந்தப் பெரியம்மா மாதிரி ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

தட்டிய சுண்ணாம்பு ஒரே நாளில் இறுகிவிடாது. சுடும்போது இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் மறுபடி கல்லாகும். மயிரிழை விரிசல் விட்டால், மழைநீரில் கரையும் சுண்ணாம்பே அதற்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். மரத்தோடு சேர்ந்து கொஞ்சம் அசையும். ஈரத்தை உள்ளே சிறை வைக்காது. ஓர் இடம் கெட்டால் அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, புதுக் காரை போட்டுத் தட்டினால் போதும்.

சாப்பாட்டு வேளையில் பெரியம்மா தன் கதையைச் சொன்னார். பாவாடை கட்டிய வயதில் அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டு தர மாடி ஏறியவர். அப்போதெல்லாம் ஒரு தளத்துக்குப் பத்து இருபது பெண்கள் உட்காருவார்களாம். ஒருத்தி பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் தாளம்தான் கட்டையின் தாளம். பாட்டு நின்றால் அடி முன்பின்னாகி மேடும் பள்ளமும் விழுந்துவிடும். அவருக்குக் குழந்தைகள் பிறந்தபோது வேலை நடந்த வீடுகளின் திண்ணைத் தூணில்தான் தூளி கட்டினார். கணவர் கல் உடைக்கப் போனவர். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தளம் குறையக் குறைய, சிமெண்ட் கலவை சுமந்தார், செங்கல் சுமந்தார். கட்டையை மட்டும் பரணில் பத்திரமாக வைத்திருந்தார்.

"பையன் இன்னா பண்றான் பெரிம்மா?"

"பெங்களூர்ல டைல்ஸ் ஒட்றான். ஒரு வருசம்தான் கத்துக்கினான். இப்ப அவன் கீழ ரெண்டு பேரு வேல செய்றாங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி வாங்கறான்."

"உங்களுக்கு?"

"எனக்கு எப்பவும் சித்தாள் கூலிதான்."

இந்த ஒரு பதில் என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. மகன் ஒரே வருடத்தில் தொழில்காரன் ஆகிவிட்டான். காது கேட்கும் ஓசையை வைத்தே தளத்தின் உள்ளே எங்கே காற்று நிற்கிறது என்று சொல்லிவிடும் தாய், வாழ்நாள் முழுக்கச் சித்தாள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. இவரிடமும் அட்டை இருக்கிறது. அதிலும் தொழில் என்ற இடத்தில் சித்தாள் என்றுதான் எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஒரு பெண் கட்டட வேலைக்கு எத்தனை ஆண்டு போனாலும் கொத்தனார் ஆவது அபூர்வம். கரண்டியும் ரசமட்டமும் ஆண் கைக்கு. சட்டியும் கட்டையும் பெண் கைக்கு. கட்டை தூக்கும் வேலைக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை.

சிமெண்ட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது நியாயம் ஆகாது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடல் கிளிஞ்சலை வைத்து. அது தோற்று, 1914-ல் போர்பந்தரில் தொழில் நிலைகொண்டது. அதன்பிறகும் நெடுங்காலம் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் அருகருகே வாழ்ந்தன. பெர்மிட் வாங்கிச் சிமெண்ட் மூட்டைக்குக் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1982-ல் பாதியாகவும் 1989-ல் முழுவதுமாகவும் கட்டுப்பாடு நீங்கிய பிறகு மூட்டை தெருமுனைக் கடைக்கு வந்தது. கான்கிரீட் கூரை எத்தனையோ குடிசை வீட்டுக்காரர்களை மழையிலிருந்து காப்பாற்றியது. அதற்கு நான் எதிரி இல்லை.

என் கோபம் இடையில் நிற்பவர்கள் மேல். வீடு கட்டுகிறவருக்கு எது வேண்டும் என்று அவரா முடிவு செய்கிறார்? எந்தப் பெட்டி டைல்ஸுக்குக் கடைக்காரர் அதிகக் கமிஷன் தருகிறாரோ, அதையே "இப்ப இதுதான் சார் ஓடுது" என்று காட்டுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுருக்கி போடுவதாகச் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கி, செங்கல் ஜல்லியில் சிமெண்ட்டைக் கலந்து ஒரே மத்தியானத்தில் இழுத்துவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தட்டும் நாட்கள் அவர்களுக்கு நட்டம். மூன்று நாள் கூலியைச் சேமிக்க, முப்பது வருடத் தளத்தைக் கொன்றுவிடுகிறார்கள். பெண்களைக் கூட்டிவரும் மேஸ்திரி அந்த அரை வயிற்றுக் கூலியிலும் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார்.

இன்னொரு பக்கம், சுண்ணாம்பு இப்போது பணக்கார மோஸ்தராகத் திரும்பி வந்திருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் வாளியில் அடைத்த சுண்ணாம்புப் பூச்சு, இயற்கை வீடு என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வாளிக்காரருக்குக் கிடைக்கும் அந்த விலையில் ஒரு காசும் வல்லம் பக்கத்துப் பெரியம்மாவின் மடிக்கு வருவதில்லை. படத்தில் அழகாக விழும் சுவர்ப்பூச்சு மட்டும் விற்கிறது. யாரும் படம் எடுக்காத மொட்டைமாடித் தளத்தைத் தட்ட ஆள் இல்லை. உழைக்கும் கையை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் வாங்கும் இந்த மோஸ்தரும் நாலு வருடத்தில் அலுத்துப்போகும்.

வெயில் தாழ்ந்ததும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்குப் போனேன். கமலக்கண்ணி அம்மன் திருவிழாவுக்கு ஏறும்போதெல்லாம் நெற்களஞ்சியத்தின் சுவரை ஒருமுறை கையால் தட்டிப் பார்ப்பதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். செங்கல்லை வளைத்துக் கட்டிய அந்த உயரமான கூரைக்குக் கீழே நின்று பார்த்தேன். பிறகு கல்யாண மகாலின் அடுக்குகளையும், 1717-18-ல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் பூச்சையும் பார்த்தேன். பீஜப்பூர்ப் படை, மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயில் தூண்கள் சில புதுச்சேரிக்குப் போய்விட்டன. சுண்ணாம்பு பல இடங்களில் இன்னும் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடையில் எத்தனையோ முறை யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். பழுது பார்க்க இடம் கொடுக்கும் பொருளாக இருந்ததால்தான் அது முடிந்தது.

எந்த வீட்டு மோஸ்தர் நிலைக்கும், எது போகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இது கெட்டால் சரிசெய்ய என் ஊரில் ஆள் உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள். ஆள் இல்லாத அலுமினிய முகப்பும் ஜிப்சம் மேகங்களும் நம் கண்ணெதிரிலேயே கழன்று குப்பைமேட்டுக்குப் போகும். ஆள் இருந்தும் பட்டினி போட்டால் எவ்வளவு உறுதியான வேலையும் அவர்களோடு போய்விடும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மொட்டைமாடிக்குச் சுருக்கி போடும்போது சதுர அடி விலையோடு நிற்காமல், எத்தனை நாள், எத்தனை பேர் தட்டுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் மாடிக்குப் போய்ச் சத்தத்தைக் கேளுங்கள். கூலியை உங்கள் கையால் அந்தப் பெண்களிடம் கொடுங்கள். கோட்டைகளையும் பழைய அரசுக் கட்டடங்களையும் பராமரிக்கும் துறைகள் இந்தப் பெண்களைத் தளத் தொழிலாளர் என்று அங்கீகரித்து, கொத்தனாருக்கு இணையான கூலியும் நாலு இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சம்பளமும் தர வேண்டும். நல வாரிய அட்டையில் சித்தாள் என்ற இடத்தில் அவர் செய்யும் தொழிலின் பெயர் ஏற வேண்டும். அது ஏறினால், மகள்களும் மருமகள்களும் கட்டையைத் தூக்க வருவார்கள்.