ஏறிய கியரிலேயே இறங்குங்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் நானும் என் மனைவியும் காணப்படாததைக் குறித்து உங்களில் பலர் அன்போடு விசாரித்தீர்கள். சுகவீனம் ஏதுமில்லை, உல்லாசப் பயணம் போயிருந்தோம். அதில் உல்லாசம் எவ்வளவு, உபத்திரவம் எவ்வளவு என்பதை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேலைநாடுகளில் ஓய்வுபெற்ற தம்பதியர் கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டியில் ஊர் ஊராகச் செல்வதுண்டு. நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்களின் வண்டியே நினைவுக்கு வரும். என் தம்பி மகன் ஒரு பழைய வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டிலும் சிறிய கேஸ் அடுப்பும் பொருத்தி வைத்திருந்தான். "பெரியப்பா, பெரியம்மாவை ஒரு தடவையாவது வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டான். இன்னும் சில மாதங்களில் நான் பணி ஓய்வு பெறப்போவதை நீங்கள் அறிவீர்கள். முப்பத்து மூன்று ஆண்டு ஊழியத்தில் நாங்கள் இருவர் மட்டும் சென்ற முதல் பயணம் இது.

வத்தலக்குண்டு தாண்டி மலையேறத் தொடங்கினோம். பழைய வண்டியாதலால் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறியது. டம் டம் பாறையை நெருங்கும்போது முன்பக்கத்தில் ஆவி கிளம்பிற்று. நான் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆறட்டும்ங்க. குக்கர் மூடியைக்கூட யாரும் கொதிக்கக் கொதிக்கத் திறக்கமாட்டாங்க" என்றாள். அப்படி அரைமணி நேரம் காத்திருந்த இடத்தில்தான், பள்ளத்தாக்கின் அப்புறம் வெள்ளிக் கம்பியாய்த் தொங்கிய தலையாறு அருவியைக் கண்டோம். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அதனை எலிவால் அருவி என்றும் அழைக்கிறார்கள். வண்டி கொதித்திராவிட்டால் திரும்பிப் பாராமலே போயிருப்பேன்.

அடுத்த இடறல் சோதனைச் சாவடியில். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், எடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்ப, என் மனைவிதான் கைப்பேசியில் பதிவுசெய்து முடித்தாள். நானோ, "நீ நினைவூட்டியிருக்கலாமே" என்று கடிந்துகொண்டேன். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். மீண்டும் அதற்கு வருவேன்.

மூன்று நாள் மலையில் இருந்தோம். 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி மெல்ல நடந்தோம். கோக்கர்ஸ் வாக் பாதையில் மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரவு மழையில் வேனின் கூரை ஒழுகியது. ஒரே குடையின்கீழ்க் கட்டிலில் அமர்ந்து கட்டங்காப்பி குடித்தோம். குறிஞ்சியைப் பார்க்கவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018-இல் பூத்தது; இனி 2030-இல்தான். பூத்து முடிந்தபின் அச்செடி மடியும், விதையிலிருந்து புதுச்செடி எழும்பும் என்று அவளுக்கு விளக்கினேன். "2030-ல என் முழங்கால் என்ன சொல்லுமோ" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

கொடைக்கானலுக்கும் சபை வரலாற்றுக்கும் உள்ள உறவை நீங்கள் அறிந்திருக்கலாம். சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் தங்களவர்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனெரிமார், 1845-இல் சன்னிசைட், ஷெல்டன் என்னும் இரு வீடுகளை அங்கே கட்டினர். வண்டிச்சாலை இல்லாத காலம் அது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும், மனிதர் தோளில் சுமந்த நாற்காலியிலும் ஏறினார்கள். ஏறியவர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. சுமந்தவர்களின் பெயரை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

நான்காம் நாள் பெருமாள்மலையிலிருந்து பழனிச் சாலையில் இறங்கினோம். இறக்கம்தானே, டீசல் மிச்சமாகட்டும் என்று வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து வந்தேன். "தீய்ஞ்ச வாடை வருதுங்க" என்றாள் என் மனைவி. "முன்னே போகிற லாரியின் வாடை" என்றேன். சற்று நேரங்கழித்து, "கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்" என்றாள். "எனக்குத் தெரியும்" என்றேன். அடுத்த கொண்டையூசி வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சில் அழுந்துவதுபோல் அடிவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை.

பிரியமானவர்களே, அந்த ஒரு கணத்தில் நான் ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒரு சொல்லும் வரவில்லை. "இயேசப்பா" என்ற என் மனைவியின் குரல் மட்டும் கேட்டது. கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை இடப்புறத்து மலைச்சுவரோடு உரசவிட்டேன். சக்கரங்கள் ஓரத்து வாய்க்காலில் இறங்க, வண்டி நின்றது. வலப்புறம் பள்ளம்.

சௌசௌ மூட்டைகளோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மினிலாரி நின்றது. ஓட்டுநர் முதலில் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தார். நான் தண்ணீர்ப் புட்டியை எடுத்தபோது, "சூட்டுல ஊத்தாதீங்க ஐயா, விரிசல் விட்டுடும். ஒரு மணி நேரம் அதுவா ஆறட்டும்" என்றார். இடைவிடாமல் மிதித்தால் பிரேக் கொதித்து, அதன் எண்ணெயில் ஆவிக்குமிழ் உண்டாகி மிதி பிடிக்காமற் போகும் என்று விளக்கினார். பிறகு, "எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்" என்றார்.

வண்டி ஆறியதும் தம் ஆட்களைக்கொண்டு வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டு, பிரேக்கைச் சோதித்து, அடிவாரம்வரை எங்களுக்கு முன்னே மெதுவாகச் சென்றார். அவர் கண்ணாடியில் பழனி முருகன் படம் இருந்தது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. நல்ல சமாரியனைக் குறித்து நான் எத்தனைமுறை பிரசங்கித்திருக்கிறேன்! வழியில் விழுந்துகிடந்தவனாக என்னை நான் எண்ணியதே இல்லை. பெயரைக் கேட்கவும் மறந்துபோனேன்.

நியூட்ரலில் இருக்கும் வண்டியில் இன்ஜின் ஓடும், சத்தம் கேட்கும். ஆனால் சக்கரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. என் ஊழியத்தின் முதல் ஆண்டுகளை நினைத்துப் பார்த்தேன். மிதிவண்டியில் கிராமம் கிராமமாய்ப் போனேன்; தெரியாததைக் கேட்டேன்; எழுதிய பிரசங்கத்தை முந்தின இரவே என் மனைவிக்கு வாசித்துக் காட்டி, அவள் திருத்தியதை ஏற்றேன். அந்தக் கியரில்தான் ஏறினேன். பின்னர் அனுபவம் வந்தது, கேட்பது நின்றது. ஓய்வு என்னும் இறக்கத்துக்கு முன்பே நான் நியூட்ரலுக்குப் போய்விட்டிருந்தேன். சாவடியில் அவளைக் கடிந்த வாக்கியமும், "எனக்குத் தெரியும்" என்ற வாக்கியமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

அடிவாரத்தில் வரதமாநதி அணையருகே வண்டியை நிறுத்தி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, 2030-ல திரும்ப வரலாம். ஆனா நான் சொன்னா நிறுத்தணும்" என்றாள்.

உங்களில் சிலர் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் இறங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இறக்கத்தில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: உங்களை மேலே கொண்டுவந்த ஜெபமும் தாழ்மையும் கேட்கும் செவியும் இன்னும் சக்கரத்தோடு இணைந்திருக்கின்றனவா என்று இந்த வாரம் சோதித்துப் பாருங்கள். அருகில் இருப்பவர் தீய்ந்த வாடை வருகிறது என்றால், தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள்.

கர்த்தர் உங்கள் வழிப்பயணங்களில் உங்களோடிருப்பாராக. ஆமென்.