பொன்னாடை அப்புறம் போர்த்தலாம்

எங்கள் நெமிலிச்சேரி வீட்டில் அன்று விடியுமுன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. என் நாத்தனாரின் மகள் உகாண்டாவிலிருந்து வருகிறாள்! கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படிப்பு முடித்து, மூன்று வருஷம் அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்துவிட்டு முதல் விடுமுறையில் வருகிறாள். அவள் போன எட்டாம் மாதம் அவள் அம்மா காலமானார். வர முடியவில்லை. இப்போது அவளுக்குப் பிறந்த வீடு என்றால் மாமா வீடுதான்.

மிஷனரி என்றால் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் என்றுதான் பலருக்கு நினைப்பு. ஆனால் 1903-லேயே திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். இன்று கடல் தாண்டியும் போகிறார்கள். சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த அருட்தந்தை அலெக்ஸிஸ் பிரேம்குமார் ஆப்கானிஸ்தானில் அகதிகளுக்குத் தொண்டு செய்தவர். 2014 ஜூன் 2-ந் தேதி ஹெராத் அருகே அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். 2015 பிப்ரவரி 22-ந் தேதிதான் விடுதலையாகி டில்லி வந்தார். எட்டு மாதம், இருபது நாள்! செய்தியைக் கேட்டபோது, 'இந்தப் பிள்ளையை யாரும் எதுவும் கேட்காமல் முதலில் தூங்க விடவேண்டுமே' என்றுதான் என் மனசில் தோன்றியது.

அப்படி நினைத்த நானே, என் வீட்டுப் பெண் வந்தபோது கோட்டை விட்டேன்.

"என்ன கண்ணு, இப்படி இளைச்சுட்டே!" என்று வாசலிலேயே அழுகை. ஆரத்தி, மாலை, மீன் குழம்பு, வடை, பாயசம். பட்டாபிராம், திருநின்றவூர் என்று சொந்தக்காரர்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். "சிங்கம் பார்த்தியா? அங்கே என்ன சாப்பிடுவாங்க?" ஒரே கேள்விகள்தான். "வாழைக்காயை வாழை இலையிலே கட்டி, ஆவியிலே வேகவெச்சு மசிப்பாங்க. மடோக்கேன்னு பேரு" என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். இரவில் மட்டும் அம்மா போட்டோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நிற்பாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. 'அலைச்சல், தண்ணி மாறினது' என்று நானே தீர்மானித்து, மிளகு ரசமும் ஒரு காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் ஞாயிறு, கோயிலில் வரவேற்பு. "ரத்தம் டெஸ்ட் எடுக்கணும் அத்தை. ஆனா எல்லாரும் ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்காங்க. முடிஞ்சதும் போலாம்" என்றாள். நர்ஸ் அவள், தெரியாமலா சொன்னாள்? நான்தான் அப்போதே ஆட்டோ கூப்பிட்டிருக்க வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையோடு அப்படியே சரிந்தாள்.

ஃபால்சிபாரம் மலேரியா. நம் சென்னையில் அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இந்த ஃபால்சிபாரம்தான். ஒரே நாளில்கூட முற்றி மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக் கூடியது. "அங்கிருந்து வந்தவங்களுக்குக் காய்ச்சல்னா அன்னைக்கே ரத்தம் பார்க்கணும்மா" என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. கர்த்தர் கிருபையால் பிழைத்தாள்.

மூன்றாம் நாள் இரவு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அத்தை, அம்மா கடைசியிலே என்னைக் கேட்டாங்களா?"

வந்த நாள் முதல் அவள் கேட்கக் காத்திருந்த கேள்வி இதுதான். நாங்கள் சிங்கத்தை விட்டால்தானே!

"கேட்டாங்க கண்ணு. உன் போட்டோவைத் தலைமாட்டிலே வைக்கச் சொன்னாங்க. 'அவ அழக்கூடாது, அங்கே நிறையப் பேருக்கு அவ வேணும்'னு சொன்னாங்க" என்றேன். அன்றுதான் வாய்விட்டு அழுதாள். வீடு திரும்பி, தெம்பு வந்ததும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். அவளுக்கு வேண்டியிருந்த வரவேற்பு அவ்வளவுதான்.

சகோதரிகளே, மிஷனுக்கோ, வேலைக்கோ, ஆப்பிரிக்கா போன பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். திரும்பி வந்து மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய், எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து அது இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

விருந்தும் விழாவும் ஒரு வாரம் கழித்து நடக்கட்டும். முதலில் நல்ல தூக்கம், இரண்டு நாள் ரசம் சாதம். அவர்கள் பேசும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

அவள் மறுபடி உகாண்டா போய்விட்டாள். பொன்னாடை என் பீரோவில் இருக்கிறது. அடுத்த தடவை அவள் வரும்போது வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கமாட்டேன். உள்ளே பாயை விரித்து வைத்திருப்பேன்.